பாரமாக வேண்டாம் என்று புறப்பட்ட பாட்டிகள்

நம் வீடுகளில் யாரும் "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்படுவதில்லை. "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார்கள். அடுத்த தெருவுக்குப் போனாலும் சரி, அக்கரைச் சீமைக்குப் போனாலும் சரி. வாய் தவறி ஒரு குழந்தை "போறேன்" என்று சொல்லிவிட்டால், "அப்படிச் சொல்லாதேடா கண்ணா, போயிட்டு வரேன்னு சொல்லு" என்று திருத்தாத தாய் உண்டா?

ஆனால், சுமார் நாற்பது வருஷம் வாழ்ந்த ஊரைவிட்டு, "போகிறேன்" என்றும் சொல்லாமல், "போய் வருகிறேன்" என்றும் சொல்லாமல் இரண்டு பெண்மணிகள் புறப்பட்டுப் போனார்கள். அவர்கள் வைத்துவிட்டுப் போனது ஒரே ஒரு கடிதம். கொண்டுபோனது பழைய பெட்டி மட்டும். நடந்தது 2005 நவம்பரில். இடம், தென் கொரியாவின் தென்கோடியில் உள்ள சோரோக்டோ என்ற குட்டித் தீவு.

அந்த இருவரும் கொரியப் பெண்கள் அல்ல. ஆஸ்திரியா தேசத்து நர்ஸுகள். பெரியவர் மாரியான் ஸ்டோகர். அவரைவிட ஒரு வயது இளையவர் மார்கரீட்டா பிஸ்ஸாரெக். சோரோக்டோ ஜனங்களுக்கு அவர்கள் மாரியானும் மார்கரெட்டும். இன்னும் செல்லமாகச் சொன்னால், "பெரிய பாட்டி", "சின்ன பாட்டி".

பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, வீட்டுக்காக ஓடி ஓடி உழைத்து, "கை கால் நல்லா இருக்கும்போதே போயிடணும், யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது" என்று அடிக்கடி சொல்லும் நம் அம்மாக்களும் மாமியார்களும் இந்தக் கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிற மகள்களும் மருமகள்களும்கூடத்தான்.

மான் குட்டித் தீவு

சோரோக்டோ என்றால் கொரிய மொழியில் "சின்ன மான் தீவு" என்று பொருள். மேலேயிருந்து பார்த்தால் தீவு ஒரு மான் குட்டியைப் போல இருக்குமாம். சுற்றிலும் நீலக் கடல், பைன் மரங்கள், வெண்மணல். எதிர்க்கரையில் நோக்டோங் என்ற துறைமுக ஊர். படகில் ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் அக்கரை வந்துவிடும். அவ்வளவு கிட்டத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தத் தீவில் இருந்தவர்களுக்கு அந்தக் கரை எட்டாத தூரம்.

ஏனென்றால் அது தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்த தீவு. 1916-ல், கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தபோது, அங்கே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். பெயர்தான் ஆஸ்பத்திரி. நாளாக ஆக அது சிறைச்சாலையைவிட மோசமாகிவிட்டது. 1940 வாக்கில் சுமார் 6,000 நோயாளிகள் அங்கே அடைபட்டிருந்தார்கள். விரல் மரத்துப்போனவர்களைக்கொண்டு செங்கல் சுட வைத்தார்கள், கல் சுமக்க வைத்தார்கள், நந்தவனம் அமைக்க வைத்தார்கள். கல்யாணம் செய்துகொண்டு சேர்ந்து வாழ விரும்பினால், ஆணுக்குக் குழந்தை பிறக்காதபடி ஆபரேஷன் செய்த பிறகுதான் அனுமதி.

1945-ல் ஜப்பானியர் போனார்கள். கொடுமைகள் அத்தோடு போய்விடவில்லை. கட்டாயக் கருத்தடையும் கருக்கலைப்பும் பிற்பாடும் நடந்தன. அது அரசாங்கம் செய்த தவறு, நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும் என்று தென் கொரியாவின் உச்ச நீதிமன்றம் சொன்னது 2017-ல்தான்!

இத்தனைக்கும் மேலாக ஒரு கொடுமை உண்டு. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள்.

நோயாளிகளுக்குப் பிறந்த குழந்தைகளைப் பெற்றவர்களிடம் விட்டுவைக்க மாட்டார்கள். பிரித்துக் கொண்டுபோய்க் குழந்தைகள் விடுதியில் வளர்ப்பார்கள். மாதம் ஒரு முறை பார்க்கலாம். எப்படி? தீவில் ஒரு சாலை. சாலையின் ஒரு பக்கம் பெற்றவர்கள் வரிசையாக நிற்க வேண்டும். மறுபக்கம் குழந்தைகள் வரிசையாக நிற்பார்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்று பார்த்து, நோயாளிகளின் மேல் பட்ட காற்று குழந்தைகள் மேல் படாதபடி நிறுத்துவார்கள். தொடக் கூடாது. தூக்கக் கூடாது. பார்க்க மட்டும் செய்யலாம். பல்லு முளைச்சிருக்கா, உயரமா வளர்ந்திருக்கானா, அழறானா சிரிக்கிறானா... எல்லாவற்றையும் அந்தச் சாலையின் அகலத்துக்கு அப்பாலிருந்து கண்ணால் அளந்துகொண்டு திரும்ப வேண்டியதுதான்.

அந்த இடத்துக்கு அங்குள்ளவர்கள் வைத்த பெயர் "பெருமூச்சு விடும் இடம்". 1970-கள் வரைக்கும் இந்த வழக்கம் இருந்தது என்றால் நம்ப முடிகிறதா?

வெறுங்கையால் தொட்டவர்கள்

இப்படிப்பட்ட தீவுக்குத்தான் 1962-ல் மாரியான் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 28 கூட நிறையவில்லை. முதலில் பார்த்தது, பெற்றவர்களிடமிருந்து பிரித்து வைக்கப்பட்ட அந்தக் குழந்தைகளைத்தான். மார்கரெட் 1966-ல் வந்தார். இருவரும் ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் நகரத்தில் ஒரே பள்ளியில் நர்ஸிங் படித்த சிநேகிதிகள்.

பலரும் அவர்களைக் கன்னியாஸ்திரீகள் என்றே நினைத்தார்கள். அது சரியல்ல. மடத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல அவர்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல், கடவுள் பணியாக நோயாளிகளுக்கு ஊழியம் செய்வது என்று விரதம் எடுத்துக்கொண்ட கத்தோலிக்க சங்கம் ஒன்றில் சேர்ந்த சாதாரண நர்ஸுகள்.

அந்த நாளில் தீவின் டாக்டர்களும் ஊழியர்களும் நோயாளிகளிடம் எப்படிப் பழகினார்கள் தெரியுமா? முகமூடி, கையுறை, நீள அங்கி. எட்டி நின்று பேச்சு. இந்த இரண்டு பெண்களும் வந்தார்கள். வெறுங்கையால் புண்ணைக் கழுவினார்கள். காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு மருந்து போட்டுக் கட்டினார்கள். நோயாளிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அவர்கள் செய்தது அசட்டுத் துணிச்சல் அல்ல. நர்ஸிங் படித்தவர்களுக்கு அந்த நோய் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு அபூர்வமாகத் தொற்றும் என்பது தெரியும். மருந்து சாப்பிடுகிறவரிடமிருந்து தொற்றாது என்பதும் தெரியும். ஆனால், பல வருஷமாக யாருமே தொடாத ஒரு மனிதருக்கு அந்தக் கை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மருந்து பாதி, அந்தத் தொடுகை பாதி என்றுதான் சொல்ல வேண்டும்.

விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார்கள். பால் பவுடரைக் கரைத்துச் சுடச் சுடப் பால் காய்ச்சி, வார்டு வார்டாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்தப் பக்கத்துக் கிராமத்துக் கொரிய மொழியை அந்த ஊர்க்காரர்களைப் போலவே பேசினார்கள். சம்பளம் என்று ஆஸ்பத்திரியிடம் ஒரு காசு வாங்கவில்லை. பட்டம், பரிசு என்றால் ஒதுங்கிக்கொள்வார்கள். 1996-ல் தென் கொரிய அரசாங்கம் மோரான் விருது கொடுத்துக் கௌரவித்தபோதும் அவர்கள் வாழ்க்கை ஒரு துளி மாறவில்லை. அதே சின்னச் செங்கல் வீடு. அதே பழைய உடுப்பு.

ஒரு வேளைச் சாப்பாட்டில் மிச்சம் பிடித்தது

மருந்துக்கும் பால் பவுடருக்கும் பணம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் இல்லத்தரசிகளாகிய நாம் நிமிர்ந்து உட்கார வேண்டிய சங்கதி இருக்கிறது.

ஆஸ்திரியாவின் கத்தோலிக்கப் பெண்கள் சங்கத்தினர் 1958-ல் "குடும்ப உபவாச தினம்" என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் ஒரு நாள், வீட்டில் விருந்துச் சமையல் இல்லை. எளிமையாக ஒரு சூப், அவ்வளவுதான். அதில் மிச்சமாகும் பணத்தைத் தூர தேசத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது. நம் வீட்டில் ஏகாதசிக்கும் கிருத்திகைக்கும் ஒரு பொழுது இருக்கிறோமே, அதைப் போலத்தான். மிச்சத்தை மட்டும் இன்னொருவர் இலைக்கு அனுப்பிவிட்டார்கள்!

அந்தத் தேசத்துப் பெண்களின் உதவிதான் சோரோக்டோவின் நர்ஸுகளுக்குப் பெரும் பலமாக இருந்தது. அப்படி வந்த பணத்தில் மருந்து வந்தது. காசநோயாளிகளுக்குத் தனிக் கட்டடம், மனநோயாளிகளுக்கு வார்டு, வெந்நீர்க் குளியலறை எல்லாம் எழும்பின. குணமாகித் தீவைவிட்டு வெளியேறுகிறவர்களுக்குப் புது வாழ்க்கை தொடங்கக் கொஞ்சம் பணமும் கையில் கொடுத்து அனுப்ப முடிந்தது.

அடுப்படியில் சேர்த்த பணம் கடல் தாண்டிப் போய் ஒரு தீவுக்கே வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறது. "நம்மால் என்ன முடியும்?" என்று கேட்கிற சகோதரிகள் இதை மறக்க வேண்டாம்.

ஒரு கடிதம்

வருஷங்கள் ஓடின. நல்ல மருந்துகள் வந்தன. புது நோயாளிகள் வருவது குறைந்துபோயிற்று. தீவில் மிஞ்சியவர்கள் சில நூறு பேர். அவர்களும் கிழவர்களும் கிழவிகளும்தான். நோய் எப்போதோ குணமாகிவிட்டது. ஆனால் விரல் போனது போனதுதான், உறவு விட்டது விட்டதுதான். திரும்பிப் போக வீடு இல்லை.

நர்ஸுகளுக்கும் வயது ஆயிற்று. மாரியானுக்கு 71, மார்கரெட்டுக்கு 70. மாரியானுக்குக் குடலில் புற்றுநோய் வந்து சிகிச்சையும் நடந்தது. முன்போல ஓடியாடி வேலை செய்ய முடியவில்லை. அவர்கள் கூட வேலை செய்கிறவர்களிடம் அடிக்கடி சொல்லிவந்தது ஒன்று: எப்போது நம்மால் வேலை செய்ய முடியாமல் போகிறதோ, எப்போது நாம் இருக்கிற இடத்துக்கு நாமே சுமையாகிவிடுகிறோமோ, அப்போது இடத்தைக் காலி செய்துவிட வேண்டும்.

சொன்னதைச் செய்தும் காட்டிவிட்டார்கள். 2005 நவம்பரில் ஒரு நாள், ஊருக்குச் சொல்லாமல் புறப்பட்டுவிட்டார்கள். சொன்னால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாதா? பிரிவுபசாரக் கூட்டம், மாலை, அழுகை, "போகாதீங்க பாட்டி" என்று கையைப் பிடித்துக்கொள்ளும் விரலில்லாத கைகள்... அதையெல்லாம் தாங்க அவர்களாலும் முடிந்திருக்காது.

கடிதத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான். நாங்கள் சொல்லிவந்ததைச் செய்ய வேண்டிய வேளை வந்துவிட்டது. அந்நிய தேசத்தாராகிய எங்களுக்கு அளவில்லாத அன்பும் மரியாதையும் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. எங்கள் குறைகளால் உங்கள் மனது புண்பட்டிருந்தால் மன்னித்துவிடுங்கள். நாற்பது வருஷம் புண்ணைக் கழுவியவர்கள் மன்னிப்புக் கேட்கிறார்கள்! என்ன மனசு பாருங்கள்.

செய்தி தெரிந்ததும் தீவே அழுதது. கோயிலில் கூடிப் பிரார்த்தனை செய்தார்கள். பெற்ற தாயைப் பறிகொடுத்தது போல இருந்தது அவர்களுக்கு.

அவர்கள் செய்தது சரியா?

இதைக் கேட்பவர்கள் எல்லோரும் முதலில் "ஆகா!" என்பார்கள். உண்மைதான். புகழ் வேண்டாம், மாலை வேண்டாம், தன் முதுமையைப் பிறர் தலையில் கட்ட வேண்டாம் என்று போவதற்கு ரொம்பப் பெரிய மனது வேண்டும்.

ஆனால் சற்று நேரம், விட்டுச் செல்லப்பட்டவர்களின் பக்கத்திலிருந்தும் பார்க்கலாமா?

அந்தத் தீவில் இருந்த ஒவ்வொருவரும் ஏற்கெனவே ஒரு முறை கைவிடப்பட்டவர்கள். அப்பா அம்மா விட்டார்கள், அண்ணன் தம்பி விட்டார்கள், கட்டின கணவன் விட்டான், ஊர் விட்டது. பெற்ற குழந்தையும் சாலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. கடைசியில் கிடைத்த இரண்டு பாட்டிகளும் ஒரு நாள் காலையில் இல்லை. "என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்ற கேள்வி அந்தக் கிழவிகளின் மனதில் எழுந்திருக்காதா?

இன்னொன்றும் உண்டு. நாற்பது வருஷமாக வாங்கிக்கொண்டே இருந்தவர்களுக்கு, ஒரு முறையாவது கொடுக்கும் ஆசை இருந்திருக்கும். "நீ என் காலைக் கழுவினாயே, இப்போ உனக்கு முடியவில்லை, உனக்கு ஒரு வாய்க் கஞ்சி நான் வைத்துத் தருகிறேன்" என்று சொல்ல ஆசை இருந்திருக்கும். விரல் இல்லாவிட்டால் என்ன? கொடுக்கிற மனது போய்விடுமா?

நம் வீட்டுப் பெரியவர்கள் "பாரமா இருக்கக் கூடாது" என்று சொல்லும்போது அதில் சுயமரியாதை இருக்கிறது. அதை மதிக்க வேண்டும். ஆனால், தன் வலியை மறைத்துக்கொண்டு, மூட்டுவலி வந்தாலும் சொல்லாமல், கண் மங்கினாலும் சொல்லாமல் இருந்துவிட்டு ஒரு நாள் விழுந்துபோவது நல்லதா? பெற்றவளுக்குச் செய்யக் கொடுத்துவைக்கவில்லையே என்று மகள் வாழ்நாள் முழுவதும் ஏங்குவாளே! கொடுப்பது புண்ணியம் என்றால், பிறர் கொடுப்பதை வாங்கிக்கொள்வதும் புண்ணியம்தான். அவர்களுக்கு அந்தப் பாக்கியத்தைக் கொடுக்கிறோம் அல்லவா?

இதே வேலைக்குப் போய், போன இடத்திலேயே இருந்துவிட்டவர்களும் உண்டு. ஹவாய்த் தீவுகளில் மொலோக்காய் என்ற தீவுக்கு 1873-ல் தொழுநோயாளிகளிடம் போன பாதிரியார் டேமியன், அதே நோய் கண்டு 1889-ல் அங்கேயே கண்ணை மூடினார். அவருடைய கடைசி நாட்களில் அங்கே போய்ச் சேர்ந்த கன்னியாஸ்திரீ மரியான் கோப், அவருக்குப் பிறகு பல வருஷம் அந்த ஜனங்களைப் பார்த்துக்கொண்டு 1918-ல் தன் 80-வது வயதில் அங்கேயே காலமானார். அவருக்கு நோய் தொற்றவே இல்லை.

நம் செங்கல்பட்டுப் பக்கத்திலும் அப்படி ஒரு கதை உண்டு. 1955-ல் பெல்ஜியத்து டாக்டர் ஹெமரிக்ஸ் போளம்பாக்கத்தில் தொழுநோய் நிலையம் தொடங்கி, கிராமம் கிராமமாகப் போய் மரத்தடியில் உட்கார்ந்து வைத்தியம் பார்த்தார். நோயாளியைத் தீவுக்கு அனுப்ப வேண்டாம், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிடட்டும் என்பது அவர் வழி. பிற்பாடு அந்தப் பொறுப்பை அவரோடு வேலை செய்த டாக்டர் கிளேர் வெல்லூ அம்மையார் ஏற்று நடத்தினார். அந்த அம்மாள் இந்தியப் பிரஜையாகவே ஆகிவிட்டார்.

இருந்தவர்கள் செய்தது சரி, போனவர்கள் செய்தது தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஒன்று மட்டும் தெரிகிறது. எந்த விதமாகப் பிரிந்தாலும், பிரிவுக்கு முந்தின வருஷங்கள்தான் பேசும். நாற்பது வருஷம் காலையில் பால் காய்ச்சிக் கொடுத்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் போனாலும் அது கைவிட்டதாக ஆகாது. அந்தத் தீவு ஜனங்களும் அப்படி நினைக்கவில்லை என்பதற்கு அடுத்து நடந்ததே சாட்சி.

வந்தார் பெரிய பாட்டி

2009-ல் தீவுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே பாலம் திறந்தார்கள். இப்போது சோரோக்டோவுக்குக் காரிலேயே போய்விடலாம்.

2016-ல் அந்த ஆஸ்பத்திரிக்கு நூறு வயது. அந்த வருஷம் மாரியான் பாட்டி திரும்பி வந்தார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு! வயது 80-ஐத் தாண்டிவிட்டது. பழைய சிநேகிதர்களைத் தேடிப் போய்ப் பார்த்தார். 2005-ல் சொல்லாமல் விட்ட விடையை ஒருவருக்கொருவர் இப்போதுதான் சொல்லிக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இருவருக்கும் தென் கொரியா கௌரவப் பிரஜை என்ற உரிமையை வழங்கியது. அவர்கள் குடியிருந்த செங்கல் வீட்டைப் பாதுகாக்க வேண்டிய கலாசாரச் சின்னமாகப் பதிவு செய்தார்கள். மறு வருஷம் அவர்களைப் பற்றி ஒரு டாக்குமெண்டரிப் படமும் வெளிவந்தது.

சின்ன பாட்டியால் வர முடியவில்லை. மார்கரெட்டுக்கு மறதி நோய் கண்டு, ஆஸ்திரியாவில் முதியோர் இல்லத்தில் இருந்தார். 2023 செப்டம்பரில், 88-வது வயதில், இன்ஸ்ப்ரூக்கில் காலமானார். போகும்போதும் யாருக்கும் பாரமாகப் போகவில்லை. தன் உடலை மருத்துவ மாணவர்களின் படிப்புக்கு என்று எழுதிக் கொடுத்திருந்தார். வாழ்நாளெல்லாம் ஊழியம் செய்த உடம்பு, உயிர் போன பிறகும் ஊழியத்துக்கே போயிற்று.

நம் வீட்டுக்கு இதிலென்ன பாடம்?

சோரோக்டோவில் தாயையும் குழந்தையையும் சாலையின் இரண்டு பக்கம் நிறுத்தியது வெறும் நோய் மட்டுமா? அறியாமையும்தான். அந்த அறியாமை இன்னும் நம் தெருவிலும் இருக்கிறது. 2022-ல் மட்டும் நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு மேல் புதிதாகத் தொழுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. உலகம் முழுவதிலும் அந்த வருஷம் கண்டவர்களில் பாதிக்கு மேல் நம்மவர்கள். ஆகையால் இந்தச் சில விஷயங்களை ஒவ்வொரு தாயும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இது பூர்வ ஜன்ம பாவமோ, பரம்பரை வியாதியோ அல்ல. ஒரு கிருமியால் வருவது. 1873-ல் நார்வே தேசத்து டாக்டர் ஹான்சன் அதைக் கண்டுபிடித்தார். அதனால்தான் இதை ஹான்சன் நோய் என்றும் சொல்கிறார்கள்.

கை குலுக்கினால், பக்கத்தில் உட்கார்ந்தால், ஒரே பந்தியில் சாப்பிட்டால் தொற்றாது. மருந்து சாப்பிடாத நோயாளியோடு மாதக்கணக்கில் நெருங்கிப் பழகினால்தான் தொற்றலாம். அப்படியும் பெரும்பாலானவர்களின் உடம்பு கிருமியைத் தானே விரட்டிவிடும்.

குழந்தையைக் குளிப்பாட்டும்போது உடம்பைக் கவனியுங்கள். வெளிறிய அல்லது சிவந்த தேமல் தெரிகிறதா? மெல்லிய துணித் திரியால் தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். எல்லாத் தேமலும் தொழுநோய் அல்ல. பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். கை கால் மரத்துப்போவது, பிடித்த சாமான் நழுவி விழுவது இவையும் அறிகுறியாக இருக்கலாம். கிருமி உடம்பில் புகுந்து வெளியே தெரியச் சராசரியாக 5 வருஷம் ஆகும். சிலருக்கு 20 வருஷம்கூட ஆகலாம்.

மருந்து உண்டு. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-ல் சிபாரிசு செய்தது. நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் இலவசம். சிறுநீர் சிவப்பாகப் போனாலோ, தோல் கறுத்தாலோ மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அது மருந்தின் குணம், பிற்பாடு சரியாகிவிடும். வேறு எந்தத் தொல்லை இருந்தாலும் டாக்டரைக் கேளுங்கள்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்த மருந்தைச் சாப்பிடலாம். சிகிச்சை எடுத்துக்கொள்ளும் தாயிடமிருந்து குழந்தையைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம், மடியில் போட்டுக் கொஞ்சலாம். சோரோக்டோத் தாய்மார்களுக்குக் கிடைக்காதது இது!

கை கால் மரத்துப்போனவர் வீட்டில் இருந்தால் சமையலறையில் கவனம் தேவை. சூடு தெரியாது. பாத்திரத்தைக் கைப்பிடித் துணி இல்லாமல் எடுக்க விடாதீர்கள். தினமும் உள்ளங்காலைப் பார்த்து, சற்று நேரம் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு எண்ணெய் தடவினால் வெடிப்பு வராது. வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

இன்னொரு சேதி. நம் நாட்டில் தொழுநோயைக் காரணம் காட்டிக் கணவனோ மனைவியோ விவாகரத்துக் கேட்கலாம் என்று சட்டத்திலேயே இடம் இருந்தது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி அதை நீக்கிவிட்டார்கள். "இந்த வியாதி வந்துடுச்சு, உங்க பொண்ணை அழைச்சுக்கிட்டுப் போங்க" என்று இனி யாரும் கோர்ட்டுப் படி ஏற முடியாது.

சட்டம் மாறிவிட்டது, மருந்தும் வந்துவிட்டது. மாற வேண்டியது நம் கை. அந்த நோய் வந்து குணமான ஒருவர் உங்கள் வாசலுக்கு வந்தால், தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு நகராமல் கையில் கொடுங்கள். உட்காரச் சொல்லுங்கள். பெரிய பாட்டியும் சின்ன பாட்டியும் நாற்பது வருஷம் செய்தது அதைத்தான்.

அப்புறம், உங்கள் வீட்டுப் பெரியவர் "நான் யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்மா" என்று சொல்லும்போது, ஒரு நிமிஷம் வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்: "நீங்க பாரம் இல்லேம்மா. எங்களுக்குச் செய்யறதுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்க."